பன்னிரண்டாவது முன்னோடிக்கு மாட்டாஸ்பத்திரியில் வேலை

தாம்பரம் தாண்டினால் எனக்கு வெளிநாடு. அந்தக் கணக்கில் என் முதல் வெளிநாட்டுப் பயணம் கொல்லிமலைக்கு. போன காரியம் ஒரு மனிதரைக் கண்டுபிடிப்பது. அவரைப் பற்றி என்னிடம் இருந்தது ஒரு பெயரும் ஒரு தபால் முகவரியும் மட்டும்தான்.

வருடம் தொண்ணூற்றொன்பது. திருவல்லிக்கேணியில் ஒரு மொட்டை மாடி அறையில் நடந்துகொண்டிருந்த கணினி மாத இதழில் நான் துணையாசிரியர். அதாவது, ஆசிரியரைத் தவிர அங்கே இருந்த ஒரே ஆள். 'கணினி முன்னோடிகள்' என்று ஓர் இணைப்பு போட வேண்டும், பன்னிரண்டு பக்கம், பன்னிரண்டு பேர் என்று ஆசிரியருக்கு அந்த மாதம் ஞானோதயம் ஆகியிருந்தது.

பதினோரு பேரை எழுதித் தள்ளிவிட்டேன். பித்தளைச் சக்கரங்களை வைத்துக் கணக்குப் போடும் இயந்திரம் செய்கிறேன் என்று அரசாங்கப் பணத்தைத் தண்ணீராய்ச் செலவழித்துவிட்டு, கடைசிவரை கட்டி முடிக்காத இங்கிலாந்துக் கனவான் ஒருவர். இல்லாத அந்த இயந்திரத்துக்கு நிரல் எழுதிவைத்த சீமாட்டி ஒருவர்; அடுப்பே வாங்காத வீட்டுக்குச் சமையல் குறிப்பு எழுதின மாதிரி. போரில் எதிரியின் ரகசியக் குறிகளை உடைத்துக் கொடுத்துவிட்டுச் சொந்த நாட்டின் கையாலேயே நொறுங்கிப்போனவர். கார் ஷெட்டில் கம்பெனி தொடங்கிய பையன்கள். எல்லாரும் வெள்ளைக்காரர்கள். "பன்னிரண்டாவது நம்ம ஆளா இருக்கணும்மா" என்றார் ஆசிரியர். ஆளையும் அவரே பிடித்து வைத்திருந்தார். சென்னையில் புதிதாகத் தமிழ் எழுத்துருவைப் பெட்டியில் போட்டு விற்கும் ஒரு கம்பெனியின் முதலாளி. டை கட்டிய படம் வந்துவிட்டது. பின்னட்டைக்கு அவருடைய விளம்பரமும் வந்துவிட்டது.

எனக்கு ஒரு சந்தேகம். எங்கள் இதழ் இரண்டு வருடமாக அச்சாவது 'மிளகு' என்ற எழுத்துருவில். அது கைக்குக் கை மாறி ஃப்ளாப்பியில் இலவசமாக வந்தது. கூடவே ஒரு குறிப்பு: 'யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். பிழை இருந்தால் கார்டு போடவும். சாமுவேல், செம்மேடு அஞ்சல், கொல்லிமலை.' பிழை ஒன்று இருக்கத்தான் செய்தது. 'ம' எழுத்தின் வயிற்றுக்குள் ஒரு சின்னப் புள்ளி. தலைப்பு அளவுக்குப் பெரிதாக்கினால்தான் தெரியும். டை கட்டியவரின் பெட்டியைப் பிரித்து அவருடைய 'ம'வையும் பெரிதாக்கிப் பார்த்தேன். அதே இடத்தில் அதே புள்ளி.

"தூசியா இருக்கும்" என்றார் ஆசிரியர்.

"கம்ப்யூட்டர் எழுத்துக்குள்ள எப்படி சார் தூசி போகும்?"

"வியாழக்கிழமை ஆதாரத்தோட வா. வரலேன்னா டை கட்டினவர்தான்."

திங்கட்கிழமை மத்தியானம் மலையடிவாரத்துச் சேந்தமங்கலத்தில் இறங்கினேன். ஒரு மெஸ்ஸில் சாப்பாடு. நாமக்கல் வட்டாரத்தில் முட்டை வேண்டாம் என்று சொல்வது ஏதோ நோய்க்கு அறிகுறி போலிருக்கிறது. "ஒடம்புக்குச் சொகமில்லீங்களா?" என்று பரிமாறியவர் உண்மையான கவலையோடு கேட்டார். வம்பே வேண்டாம் என்று இரண்டு முட்டை வாங்கினேன். நிமிர்ந்தால் எதிர்ச் சுவரில் ஒரு கல்யாணப் பத்திரிகை. திருமணம், மணமகன், மணமகள். ஒரு 'ம' பாக்கியில்லாமல் வயிற்றில் புள்ளி. பாதி முட்டையை அப்படியே விட்டுவிட்டு, பத்திரிகையின் அடியில் இருந்த அச்சக முகவரியை எழுதிக்கொண்டு கிளம்பினேன்.

அச்சகம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால். அதன் முதலாளி கந்தசாமிக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஆதியில் போர்டு எழுதும் பெயிண்டராக இருந்தவர், பிறகு பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிப் போட்டு அச்சுக்காரராக மாறியவர். டீ வரவழைத்தார். டம்ளரை நீட்டும்போது கை ஆடி, சாஸரில் கொஞ்சம் சிந்தியது. சாமுவேல் பெயரைச் சொன்னதுமே முகம் மலர்ந்துவிட்டது.

"நம்ம சாரைத் தெரியாதுங்களா! ஞாயித்துக்கிழமையானா மலையில இருந்து எறங்கி வந்து இந்த மெசின்லதான் உக்காருவாரு. ரெண்டு வருசமுங்க. எனக்கு ஒரு மண்ணும் புரியாது. ஒரு நாளு, இந்தாங்கண்ணா எழுத்துன்னு குடுத்தாரு. அன்னைலருந்து கார்டெல்லாம் இதுலதானுங்க."

டை கட்டியவரைப் பற்றிச் சொன்னேன். மலர்ந்த முகம் சுருங்கியது. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு வக்கீல் நோட்டீஸை எடுத்துப் போட்டார். எங்கள் எழுத்தைத் திருட்டுத்தனமாகப் பயன்படுத்துகிறாய், இந்த மாதக் கடைசிக்குள் நிறுத்து, இல்லாவிட்டால் கேஸ், கம்ப்யூட்டர் பறிமுதல். அனுப்பியது அதே சென்னைக் கம்பெனி.

"சாமுவேல் சார் வந்து, நான்தான் செஞ்சேன்னு ஒரு வார்த்தை சொன்னா தீர்ந்துதே!" என்றேன்.

"அதுதானுங்க கூடாது." குரலைத் தாழ்த்தினார். "அவரு கெவர்மெண்டு உத்தியோகம். நாலு வருசமா மலையில ஒத்தையில கெடக்கறாரு. ஊட்டுக்காரம்மா நாசரேத்துல டீச்சரு, பொண்ணு ஒண்ணு. இப்பத்தான் சொந்த ஊருக்கு மாறுதல் கூடி வருது. இந்த நேரத்துல வெளிய வந்து நின்னா, உத்தியோகத்துல இருந்துட்டு வெளி வேலை பாத்தாருன்னு பதினேழு பி போட்டுருவாங்க. நோட்டீசு விசயம் அவருக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சா குறுக்க வந்து நின்னுக்குவாரு. நான் மெசினை மூடிப்போட்டுட்டு பழையபடி பிரஷ்ஷப் புடிச்சுக்கறேன். நீங்க சொல்லிராதீங்க, கண்ணு."

பதினேழு பி என்றால் அரசு ஊழியர்களுக்கு எமன். ஒழுங்கு நடவடிக்கைக் குறிப்பாணை. அது தலைக்குமேல் தொங்கும்வரை பதவி உயர்வும் கிடையாது, கேட்ட ஊருக்கு மாறுதலும் கிடையாது. "சத்தியமாச் சொல்ல மாட்டேங்க" என்றேன். அரை நாளிலேயே எனக்கும் 'ங்க' ஒட்டிக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை மலை பஸ். எழுபது கொண்டை ஊசி வளைவு என்று வளைவுக்கு வளைவு போர்டில் எண் எழுதி வைத்திருக்கிறார்கள். எந்த மகானுக்கு இந்த யோசனை வந்ததோ, இன்னும் எத்தனை பாக்கி என்று தெரிந்துகொண்டே வாந்தி எடுக்க வேண்டியிருக்கிறது. இருபத்து மூன்றில் நான் ஆரம்பித்தேன். பக்கத்து சீட் அம்மாள் என் தலையைப் பிடித்து ஜன்னலுக்கு வெளியே திருப்பிவிட்டு, "கண்ண மூடாத சாமி, மூடினாத்தான் பொரட்டும்" என்றார். நாற்பத்தொன்றில் எதிரே பலாப்பழ லாரி. இரண்டு டிரைவர்களும் முதலில் ஒருவரை ஒருவர் முறைத்தார்கள். பிறகு வீட்டு விசேஷம் பேசினார்கள். அதற்கும் பிறகுதான் எங்கள் பஸ் பின்னால் நகர்ந்தது. நாங்கள் எல்லாரும் இறங்கி நின்று, ஆளுக்கு ஒரு திசையில் 'வரட்டும் வரட்டும்' என்று கத்தினோம். சென்னையில் இப்படி ஒரு நெரிசல் என்றால் இதற்குள் இரண்டு தலைமுறையை இழுத்துத் திட்டியிருப்பார்கள்.

செம்மேட்டில் சாமுவேல் எங்கே என்று கேட்டதற்கு டீக்கடைக்காரர் "மாட்டாஸ்பத்திரி சாருங்களா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேராசிரியர், குறைந்தபட்சம் தபால்காரர் என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். கால்நடை மருந்தகம் பூட்டிக் கிடந்தது. கதவில் சாக்பீஸால் 'ஆலத்தூர் நாடு, கோமாரி ஊசி' என்று எழுதியிருந்தது. மலையில் நாலைந்து ஊர் சேர்ந்தால் அதற்கு நாடு என்று பெயர். ஜீப்பில் பாதித் தூரம், வரப்பில் பாதித் தூரம். மரவள்ளிக் காட்டைத் தாண்டி ஒரு தொழுவம். அங்கே ஒல்லியான மனிதர் ஒருவர், வலது கையைத் தோள்வரை ஒரு பசுவுக்குள் விட்டுக்கொண்டு நின்றார்.

"நீங்கதான் சாமுவேல் சாரா?"

"ஆமா. கை குடுக்க முடியாது, பாத்துக்கிடுங்க."

தமிழ்க் கணினியின் முன்னோடியை நான் சந்தித்த கோலம் இது. மாட்டுக்காரி சின்னப்பொண்ணு வாலைப் பிடித்திருந்தார். நான் தள்ளி நின்று குறிப்பேட்டைத் திறந்தேன். மாடு சினையா இல்லையா என்று உள்ளே தேடிக்கொண்டே அவர் பதில் சொன்னார்.

"ஊசி முகாமுக்கு நோட்டீஸ் இங்கிலீஷ்ல வரும். நாப்பது ஊருக்கு நான் கையால தமிழ்ல எழுதணும். கந்தசாமி அண்ணன் மெஷின்ல இருந்த எழுத்தப் பாத்தா எறும்பு செத்துக் கெடந்த மாதிரி இருந்துச்சு. சரி, நாமளே ஒண்ணு செய்வோம்னு..." கையை இன்னும் கொஞ்சம் உள்ளே விட்டார். "மூணு மாசம், அம்மா. சினைதான்."

"சாமி புண்ணியம்" என்றார் சின்னப்பொண்ணு. எனக்கும் ஏனோ சந்தோஷமாக இருந்தது.

சின்னப்பொண்ணு வீட்டிலேயே சாப்பாடு. சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு. முட்டை இல்லை, கேட்கவும் இல்லை. சாப்பிட்டுக்கொண்டே என் பதினோரு வெள்ளைக்காரர்களைப் பற்றிச் சொன்னேன். கட்டி முடிக்காத கனவானின் கதையைக் கேட்ட சாமுவேல், "இந்த ஊர் ஓடைப் பாலமும் அப்படித்தான்" என்றார். சீமாட்டியின் கதைக்கு மட்டும் கை அப்படியே நின்றது.

"மெஷினே இல்லாம எழுதினாங்களா? அப்ப அவங்க நமக்குச் சொந்தம்லா."

திங்கள் முதல் சனி வரை இவரிடமும் மெஷின் கிடையாது. ஒவ்வொரு எழுத்தையும் கட்டத்தில் வரைந்து, எந்த வளைவு எந்தக் கட்டத்தில் திரும்புகிறது என்று எண் குறித்துக்கொள்வது. ஞாயிற்றுக்கிழமை மலையை விட்டு இறங்கி, எண்களைக் கந்தசாமியின் கம்ப்யூட்டரில் ஏற்றுவது. வாரத்துக்கு இரண்டு எழுத்து. "கட்டம் போட்ட தாளுக்கு இந்த மலையில எங்க போக?" என்று சொல்லிக்கொண்டே பையிலிருந்து ஒரு தடித்த நோட்டை எடுத்தார். கோமாரித் தடுப்பூசிப் பதிவேடு. வலப்பக்கம் மாட்டுக்காரர்களின் பெயர்கள். இடப்பக்கம் அ, ஆ, இ, ஈ.

பக்கத்துக்குப் பக்கம் கீழே 'பார்வையிட்டேன்' என்று பச்சை மையில் ஒரு கையெழுத்தும் தேதியும் இருந்தன. ஆய்வுக்கு வரும் அதிகாரி எந்தப் பக்கத்தையும் பார்க்காமல் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போடுகிறவராம். 'ம' வரைந்த பக்கத்திலும் போட்டிருந்தார். உள்ளே புள்ளி, கீழே பச்சைக் கையெழுத்து, டை கட்டியவரின் பெட்டி கடைக்கு வருவதற்கு இரண்டு வருடம் முந்தைய தேதி. இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்! கேமராவை எடுத்தேன்.

அவர் பதிவேட்டை மூடிவிட்டார்.

"வேண்டாம் மேடம். அரசாங்கப் பதிவேட்டுல சொந்த வேலை. இந்தப் படம் வெளிய வந்தா பதினேழு பி நிச்சயம். மாறுதல் போச்சு. மகளுக்கு ஆறு வயசு, நான் போகும்போதெல்லாம் வாசல்ல நின்னு வாங்க மாமாங்கா. டை கட்டினவரையே போட்டுக்கிடுங்க. எனக்கென்ன, ஊசியே இலவசமாத்தான் போடுதோம்."

எழுபது வளைவு வாந்தி எடுத்துக்கொண்டு வந்தது இதற்குத்தானா என்று ஆத்திரமாக வந்தது. ஆனால் அந்த 'வாங்க மாமா'வுக்கு மேல் என்ன பேசுவது? கேமராவை உள்ளே வைத்தேன்.

சாயங்காலம் செம்மேட்டுக்குத் திரும்பினோம். இரவு தங்கும் பஸ் வந்து நின்றிருந்தது. முன்னால் 'கொல்லிமலை' என்ற பழைய தகரப் பலகை, எனாமல் பெயிண்ட் எழுத்து. காலையில் இதே பஸ்ஸில் வந்தபோது நான் பார்க்கும் நிலையில் இல்லை. இப்போது பார்த்தேன். 'ம'வின் வயிற்றில் புள்ளி.

"எழுத்தெல்லாம் இதுமாதிரி போர்டுலருந்து எடுத்ததுதான்" என்றார் சாமுவேல். "பஸ் நிக்கிற நேரத்துல பட்டர் பேப்பர் வச்சுப் படி எடுப்பேன். கந்தசாமி அண்ணன் எழுதின போர்டு எல்லாம். அழகான கை, பாத்துக்கிடுங்க. அவருகிட்டச் சொன்னதில்ல, கூச்சப்படுவாரு. இந்தப் புள்ளி அவரு ஸ்டைல். ஒவ்வொரு பெயிண்டரும் ஒரு அடையாளம் வைப்பாங்கல்லா?"

நான் கிட்டே போய்த் தடவிப் பார்த்தேன். புள்ளி மேடாக இருந்தது. நகத்தால் சுரண்டியதும் பெயிண்ட் உதிர்ந்து துரு தெரிந்தது. தகரத்தை மரச்சட்டத்தோடு சேர்த்து அடித்த ஆணி.

அவர் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு இருவரும் சிரித்தோம் பாருங்கள், டீக்கடைக்காரர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார். ஒரு மாவட்டத்தின் அத்தனை மணமகன் மணமகள் வயிற்றிலும் இந்த மனிதர் ஆணி அடித்திருக்கிறார். டை கட்டியவர் அந்த ஆணியையும் சேர்த்துப் பெட்டியில் போட்டு விற்கிறார். சிரித்த சிரிப்பில் கண்ணில் நீர் வந்துவிட்டது. அந்த சந்தோஷத்தில் என் நாக்கில் சனி உட்கார்ந்தது.

"ஐயையோ, அப்போ அவரோட எழுத்துக்கு அவருக்கே வக்கீல் நோட்டீஸா!"

"யாருக்கு நோட்டீஸ்?" என்றார் சாமுவேல்.

மழுப்பிப் பார்த்தேன். மாட்டு வயிற்றுக்குள் இருப்பதையே வெளியே எடுக்கிற ஆளிடம் மழுப்பல் எத்தனை நேரம் நிற்கும்? எல்லாவற்றையும் சொல்லும்படி ஆயிற்று. கெடு இந்த மாதக் கடைசி என்பதையும், கந்தசாமி மறுபடி பிரஷ் பிடிக்கப் போகிறார் என்பதையும்கூட. அவர் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

புதன்கிழமை காலை பஸ் கிளம்பப் பத்து நிமிடம் இருக்கும்போது வந்தார். கையில் பதிவேடு.

"எடுத்துக்கிடுங்க."

"சார், மாறுதல்?"

"அண்ணன் பிரஷ் பிடிக்கேன்னு உங்ககிட்டச் சொன்னாரா? அவருக்குக் கை நடுக்கம். அதனாலதான் போர்டு எழுதுறதையே விட்டாரு. மெஷினும் போயிட்டா என்ன செய்வாரு?" பக்கத்தைப் பிரித்து பஸ் படிக்கட்டில் வைத்து, காற்றில் புரளாமல் இருக்க இரண்டு விரலால் அழுத்திக்கொண்டார். "பச்சைக் கையெழுத்து நல்லாத் தெரியட்டும். பேர மட்டும் போட்டுறாதீங்க, பதவியும் போடுங்க. கால்நடை ஆய்வாளர், கொல்லிமலை. இல்லன்னா எந்தச் சாமுவேல்ம்பான்."

எட்டுப் படம் எடுத்தேன். ஏழில் பதிவேடு. எட்டாவதில் அவர், அந்தத் தகரப் பலகைக்குக் கீழே, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு.

சேந்தமங்கலத்தில் இறங்கியதும் கந்தசாமியிடம் போனேன். போகாமலே இருந்திருக்கலாம். என் முகத்தைப் பார்த்ததுமே, "சொல்லிப்போட்டீங்களா" என்றார். "ஆமாங்க" என்றேன். போர்டு எழுத்து அவருடையது என்று சொன்னேன். அதற்கு அவர் சந்தோஷப்படவே இல்லை.

"எழுத்து யாருதா இருந்தா என்னங்க? ஏனுங்க கண்ணு, ஒரு மாசம் பொறுத்துப் போடக் கூடாதா? அவரு ஊடு போய்ச் சேந்ததுக்கப்பறம் போடுங்க."

"இந்த மாசக் கடைசிக்குள்ள உங்க மெஷினை எடுத்துட்டுப் போயிருவாங்களே!"

"போவட்டும். நான் பாத்துக்கறேன்."

டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் இதைச் சொன்னார். நான் கேமராப் பையை இறுக்கிக்கொண்டு வந்துவிட்டேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவருடைய கெடு ஒரு காரணம். இன்னொரு காரணம் என் பன்னிரண்டாவது பக்கம். அது எனக்கு வேண்டியிருந்தது. அதில் அந்த டைக்காரன் வந்து உட்கார்வதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது.

வியாழக்கிழமை படங்களை ஆசிரியரின் மேசையில் பரப்பினேன். மனிதர் பச்சைக் கையெழுத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தார். பின்னட்டை விளம்பரத்தை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டார். இதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அதற்கு முன்னும் பின்னும் அவர் அப்படி எதுவும் செய்து நான் பார்த்ததில்லை. இணைப்பு வந்தது. சீமாட்டிக்கும் கார் ஷெட் பையன்களுக்கும் அடுத்து, பன்னிரண்டாவது பக்கத்தில் கால்நடை ஆய்வாளர் சாமுவேல். அப்புறம் கந்தசாமிக்கு எந்த நோட்டீஸும் வரவில்லை. டை கட்டியவர் பெட்டியின் பெயரை மாற்றினார், 'ம'வை மட்டும் சுத்தம் செய்தார்.

இரண்டு மாதம் கழித்து நாசரேத்திலிருந்து எனக்கு ஒரு ரிப்ளை கார்டு வந்தது. இரண்டு கார்டு சேர்ந்தாற்போல் இருக்குமே, ஒன்றில் அவர்கள் எழுதி, இன்னொன்றில் நாம் பதில் எழுதிக் கிழித்து அனுப்புவது, அது. டீச்சர் கையெழுத்து, கோடு போட்ட மாதிரி நேராக இருந்தது.

'அன்புள்ள சகோதரிக்கு, ஸ்தோத்திரம். நான் சாமுவேலின் மனைவி. உங்கள் இதழ் கிடைத்தது. மாறுதல் உத்தரவு தயாராகி, கையெழுத்தாகும் நேரத்தில் நிறுத்திவிட்டார்கள். விசாரணை முடியப் பல வருடம் ஆகும் என்கிறார்கள். செய்தது சரிதான் என்று அவர் எழுதுகிறார். மகள் அந்தப் பக்கத்தைப் பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் காட்டினாள். உன் அப்பா பெரிய ஆள் என்று அங்கே யாரோ சொன்னார்களாம். அதற்குப் பிறகு அவர் எப்போது வருவார் என்று அவள் கேட்பதே இல்லை. ஒரே ஒரு சந்தேகம். அந்தப் பக்கத்தை இரண்டு மாதம் கழித்துப் போட்டிருக்க முடியாதா? பதில் எழுதவும்.'

பதில் கார்டில் தன் முகவரியையும் அவரே எழுதி அனுப்பியிருந்தார். எழுத வேண்டிய பக்கம் இன்றுவரை என்னிடம் காலியாகவே இருக்கிறது.